முப்பத்துநாலு வாங்கிய ராஜ்தூத்

யக்ஞநாராயணன் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் இரண்டே வார்த்தை. அதில் ஒன்று 'சார்'.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனி. ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பம்ப்செட் விற்கிற வேலைக்கு நேர்முகம் நடந்தது. மானேஜர் இவனுடைய டிகிரி சர்டிபிகேட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று தெரிந்துகொண்டதும், "மோட்டார் சைக்கிள் இருக்கா?" என்றார்.

"இருக்கு சார்."

1991-ல் சேலையூரில் அவர்கள் வீட்டிலிருந்த ஒரே வாகனம் அப்பாவின் சைக்கிள். அதற்கும் பெல் கிடையாது. பொய்யைக் கம்பெனி அப்படியே நம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை உத்தரவு தபாலில் வந்தது. திங்கள் காலை பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளுடனும் ஆர்.சி. புத்தகத்துடனும் வந்து சேர வேண்டும், தவறினால் உத்தரவு ரத்து. கீழே ஐந்து நிபந்தனைகள். ஐந்தாவது, மாதிரி பம்ப் ஒன்றை எப்போதும் வண்டியில் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது. கடைசி நிபந்தனையைப் படிக்கிற பழக்கம் இந்தியாவில் யாருக்குமில்லை.

அப்பா சுப்ரமணியன் கணக்கு வாத்தியார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இடி விழும் என்று யக்ஞா காத்திருந்தான். விழவில்லை.

"தப்பான விடை எழுதிட்டு வந்திருக்கே. திங்கட்கிழமைக்குள்ள அதைச் சரியான விடையா மாத்திடு" என்றார்.

பணம் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். ஆனால் வண்டிகளைப் பார்த்து, ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு மார்க் போட்டுக் கொண்டுவர வேண்டும். வினாத்தாளை அவரே தயாரித்தார், பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில். ஓட்டத்துக்கு முப்பது, தோற்றத்துக்கு இருபது, மைலேஜுக்கு இருபது, விளக்கு, ஹாரன், சீட் ஆகியவற்றுக்கு இருபது, காகிதங்களுக்குப் பத்து. பாஸ் மார்க் முப்பத்தைந்து. எழுத்துத் தேர்வில் தேறுகிற வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னிலையில் செய்முறைத் தேர்வு. கருணை மார்க் கிடையாது. முப்பது வருடத்தில் அவர் யாருக்கும் அரை மார்க் கூடப் போட்டதில்லை. போட்டிருந்தால் யக்ஞாவின் சிநேகிதன் சிட்டிபாபு ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்க மாட்டான். அவன் கணக்கில் வாங்கியது முப்பத்துநாலு.

சனிக்கிழமை காலையில் யக்ஞாவால் இட்லி சாப்பிட முடியவில்லை. டம்ளரைப் பிடித்தால் ஆக்சிலேட்டரைத் திருகுவதுபோல் வலது மணிக்கட்டு தானாக முறுக்கிக்கொண்டது. காபி இரண்டு முறை சிந்தியது. பீர்க்கன்கரணை ஏரி வற்றியிருந்த கோடையில் சிட்டிபாபுவின் மாமா வண்டியில்தான் அவன் ஓட்டக் கற்றிருந்தான். லைசென்ஸும் இருந்தது. இல்லாதது வண்டி ஒன்றுதான். அதுவும் இன்னும் இரண்டே நாளைக்கு.

சிட்டிபாபு ஏரிக்கரையில் காத்திருந்தான். அவர்கள் நிலமெல்லாம் மனைகளாக மாறியபிறகு அவனுக்கு வேலை, மற்றவர்கள் வண்டியைப் பற்றிக் கருத்து சொல்வது. பழைய வண்டி வாங்கப் போகிறவன் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தான்.

"போனதும் பேசாத, மச்சான். நேரா இஞ்சினத் தொட்டுப் பாரு. சுட்டுச்சின்னா நீ வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடு ஏத்தி வச்சிக்கிறான்னு அர்த்தம். காலைல மொத கிக்குக்கு எந்திரிக்காத வண்டி அது."

முதலில் முடிச்சூரில் பால் வியாபாரி ஏகநாதனின் ராஜ்தூத், எழுபத்தொன்பதாம் வருடத்து மாடல். யக்ஞா சொன்னபடியே பேசாமல் போய் இஞ்சினைப் பிடித்தான். நான்கு விரல்கள் வெந்தன. பால்காரர் ஏமாற்றுகிறார் என்று அவன் சிட்டிபாபுவைத் திரும்பிப் பார்க்கும்போதே, ஏகநாதன் இப்போதுதான் நாற்பது வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்ததாகச் சொல்லி, விரலுக்குத் தடவ வெண்ணெய் கொடுத்தார்.

வண்டி ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்கும். சீட்டுக்குப் பதில் மடித்த கோணி. பக்கத்துக்கு ஒன்றாகக் கேன் மாட்ட இரண்டு தடித்த இரும்புக் கொக்கிகள், வெல்டிங் வைத்தவை. ஸ்பீடாமீட்டர் எண்பத்து மூன்றாம் வருடம் ஒரு நாள் நாற்பதில் நின்றது, பிறகு அதைவிட்டு நகரவில்லை. மைலேஜ் என்ன என்று கேட்டான்.

"எண்ணுனதில்ல தம்பி. பால் வூட்டுக்குப் போவுது, வண்டி திரும்பி வருது" என்றார். ஹாரன் ஏன் இல்லை என்றதற்கு, கேன் சத்தத்துக்கே லாரி ஒதுங்குகிறது என்றார். சுமை ஆட்டோவுக்குச் சொல்லிவைத்திருக்கிறாராம். அது திங்கட்கிழமை வருகிறது, அதனால் இதை விற்கிறார்.

ஒரே உதை. வண்டி எழுந்தது. அணைத்தான், உதைத்தான், எழுந்தது. ஓட்டத்துக்கு முப்பதுக்கு முப்பது. காகிதங்களுக்கு நாலு, ஆர்.சி. புத்தகத்தில் தவிட்டு வாசனை. மற்றவற்றில் சைபர். கூட்டினால் முப்பத்துநாலு.

சிட்டிபாபு அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நம்ம ஜாதகம்டா இந்த வண்டி" என்றான்.

அடுத்தது நங்கநல்லூரில் ஸ்ரீநிவாசராகவனின் இந்த்-சுசுகி. பழைய பட்டு வேட்டி போர்த்தியிருந்தது. அவர் வேட்டியை விலக்கியதும் யக்ஞாவுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது. ஐந்து வருட வண்டி, மழை பார்க்காதது, வெயிலையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறது. தொண்ணூற்றொன்று மார்க். தெருமுனைத் தூண் வரைக்கும், இரண்டாவது கியர் வரைக்கும், ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. அவர் கூடவே ஓடி வந்தார். வாங்குகிறவன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியை அழைத்துவந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார். அதற்கும் யக்ஞா தலையாட்டினான். அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி சாவித்ரி மோர் கொண்டுவந்தாள்.

"குடிச்சுட்டுக் கிளம்புங்கோ. மூணு வருஷமா வரவாளுக்கெல்லாம் காட்டிண்டிருக்கார். விக்க மட்டும் மாட்டார்."

ஸ்ரீநிவாசராகவன் வேட்டியைத் திரும்பப் போர்த்தினார்.

குரோம்பேட்டையில் ஏசுபாதம் என்று ஒரு ரயில்வே கார்டு. அவருடையது எண்பத்து மூன்று மாடல் யெஸ்டி. டேங்கில் முகம் தெரிந்தது. இரண்டு சைலன்சர். யக்ஞா இஞ்சினைத் தொட்டான், வெண்ணெய் விரலாலேயே. சில்லென்று இருந்தது. உடனே கிக்கரைத் தேடினான். வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம் கியர் மட்டும் இருந்தது. கீழே குனிந்தும் பார்த்தான். கிக்கர் இல்லாத வண்டியை விற்கிறாரே என்று கேட்க வாயெடுப்பதற்குள் ஏசுபாதம் கியர் லீவரை உள்ளே அழுத்தி, மேலே திருப்பி நிறுத்தி, அதையே உதைத்தார். பிறகு மடக்கி, அதிலேயே கியர் போட்டார். ஒரே லீவர், இரண்டு உத்தியோகம்.

அதன்பின் எழுந்த சத்தத்தில் யக்ஞாவின் நெஞ்செலும்பு சேர்ந்து அதிர்ந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் வரை போய் வந்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்த்து சிட்டிபாபு, "மார்க்கெல்லாம் எதுக்கு, தாலி கட்டிடு" என்றான். எழுபத்தெட்டு. வண்டி கிட்டத்தட்ட அவனுடையதாகிவிட்டது. செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி.

அதை எங்கே வைப்பது என்பதையும் சிட்டிபாபுவே முடிவு செய்தான். பெருங்களத்தூர் ரயில்வே கேட். சூடேறிய வண்டியைக் கேட்டில் அணைத்து, ரயில் போனதும் எல்லோரோடும் சேர்ந்து உதைக்க வேண்டும். எந்தச் சொந்தக்காரனும் அங்கே பித்தலாட்டம் பண்ண முடியாது. ஏசுபாதம் சாவியைக் கொடுத்து, அந்தக் கேட்டைத் தான் முப்பது வருடமாக மறுபக்கத்திலிருந்து பார்த்து வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை ஏழு மணி. அப்பா பின்னால் அமர்ந்து, ஒரு கையால் சீட்டையும் மறு கையால் மார்க் தாளையும் பிடித்திருந்தார். கேட் மூடியிருந்தது. யக்ஞா முதல் வரிசையில் நிறுத்தி இஞ்சினை அணைத்தான். பின்னால் பல்லவன் பஸ், அதன் பின்னால் உலகம். சிட்டிபாபு சைக்கிளில் சாய்ந்து நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. ராஜ்தூத். இரண்டு பக்கமும் நிறைந்த கேன்கள். ஏகநாதன் யக்ஞாவின் விரல்களைப் பார்த்து, ஆறிவிட்டதா என்று விசாரித்தார்.

ரயில் போயிற்று. கேட் ஏறியது. ஐம்பது கால்கள் ஒரே சமயத்தில் உதைத்தன.

யக்ஞா லீவரை அழுத்தினான், திருப்பினான், உதைத்தான். யெஸ்டி கம்பீரமாக எழுந்தது. அந்த ஆனந்தத்தில் லீவரை மடக்க மறந்தான். கால் கியரைத் தேடி முன்னும் பின்னும் துழாவியது. கியர் வானத்தைப் பார்த்து நின்றது. பஸ் ஹாரன் அடித்தது. பதறி எதையோ மிதித்தான், கிளட்ச்சை விட்டான், வண்டி ஒரு குதி குதித்து, தண்டவாளத்தின் நடுவில் போய் அணைந்தது. அப்பா இறங்கிவிட்டார். சிட்டிபாபு கடலையை வீசிவிட்டு ஓடிவந்தான், மூன்று பேருமாகத் தள்ளி அக்கரை சேர்த்தார்கள்.

ஏகநாதனின் வண்டி ஒரே உதையில் கிளம்பி, கேன்கள் துளியும் தளும்பாமல் தண்டவாளத்தைத் தாண்டி, அவர்களுக்காக ஓரத்தில் நின்றிருந்தது. அப்பா அதையே பார்த்தார். பிறகு நடந்து போய், கேன் ஒன்று எத்தனை லிட்டர் என்று கேட்டார். இருபது. கேனோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து கிலோ இருக்கும் என்றார் ஏகநாதன். தினமும் இரண்டு நடை, பன்னிரண்டு வருடம்.

அப்பா சட்டைப் பையிலிருந்து வேலை உத்தரவை எடுத்து, முதல் முறையாக ஐந்தாவது நிபந்தனையைப் பேனாவால் அடிக்கோடிட்டார்.

"மாதிரி பம்பை எதில் மாட்டிண்டு போவே?"

யக்ஞா யெஸ்டியைப் பார்த்தான். டேங்கில் அவன் முகம் தெரிந்தது. கொக்கி எங்கும் தெரியவில்லை.

"உன்னைச் சொல்லிக் குத்தமில்லை. கேள்வித்தாள்லயே தப்பு. சுமைக்கு மார்க் வைக்க நான் விட்டுட்டேன்" என்றார். முப்பது வருடத்தில் இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. "கேள்வி தப்பா இருந்தா என்ன விதி? அதை முயற்சி பண்ணினவாளுக்கு மார்க் குடுத்துடணும். மூணு வண்டியில இது ஒண்ணுதான் முயற்சி பண்ணியிருக்கு."

அங்கேயே, ஏகநாதனின் கேன் மூடிமேல் தாளை வைத்து, முப்பத்துநாலை அடித்து, சுமைக்குப் பத்து சேர்த்தார். நாற்பத்துநாலு. வட்டம் போட்டுக் கையெழுத்திட்டார். செய்முறைத் தேர்வில் பெயிலானது வண்டியில்லை என்பதால் யெஸ்டியின் மார்க்கில் அவர் கைவைக்கவில்லை. மகனுக்கென்று தனியாக ஒரு சைபர் மட்டும் போட்டார்.

யக்ஞா யெஸ்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்த இரண்டு சைலன்சர். பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ராஜ்தூத்தின் ஆக்சிலேட்டரைப் பிடித்தான். ஏகநாதன் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரே உதை. கோணி சீட்டில், கேன்களின் நடுவே, மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. இந்தத் தடவை அதற்குப் பதில் வந்தது. தன்னை அறியாமல் சிரித்தான்.

சிட்டிபாபு மெதுவாக அருகே வந்தான். அவன் முகத்தில் எட்டு வருடத்து நியாயம் இருந்தது.

"சார், நானும் முப்பத்துநாலுதான் சார். என் பேப்பரையும் ஒருதபா பார்க்கலாமா?"

"நீ முயற்சியே பண்ணலையேடா" என்றார் அப்பா.

அன்று மாலைப் பால் ஊற்றி முடித்ததும் வண்டி கைமாறியது. திங்கள் காலை ஒன்பதே முக்காலுக்கு யக்ஞநாராயணன் கம்பெனி வாசலில் போய் நின்றான். வழியில் வண்டலூரிலிருந்து இரண்டு நாய்கள் வாசனை பிடித்துப் பாதி தூரம் கூட வந்தன. வாட்ச்மேன் சத்தம் கேட்டு வெளியே வந்தார், கையில் சொம்புடன். பால்காரன் இல்லை, புதிதாகச் சேர வந்தவன் என்று விளக்க ஐந்து நிமிடமாயிற்று.

மானேஜர் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தார், முகர்ந்தார், மூடினார். வெளியே வந்து வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்தார். கொக்கியை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

உத்தரவில் மாதிரி பம்ப் ஒன்று என்றுதான் இருந்தது. கொக்கி இரண்டு இருக்கவே இரண்டாகக் கொடுத்துவிட்டார்கள்.