முதற்பக்கத்துப் பென்சில்

துப்பறியும் நாவலாசிரியையின் புத்தகங்கள் எல்லாவற்றிலும், அச்சகத்தில் கட்டுப் பிரிக்கும்போதே, காப்புச் செய்யுள் நிற்கவேண்டிய இடத்தில் கொலையாளி யார் என்று பென்சிலால் எழுதியிருந்தது. முதல் நாவலில் ‘கொன்றது பல் டாக்டர்.’ இரண்டாவதில் ‘மூத்த மருமகன், விஷம் காபியில் இல்லை, கரண்டியில்.’ எழுத்து குண்டாக, சந்திப்பிழையின்றி இருந்தது. வாடகை நூலகத்து வாசகர் எவரோ செய்த குறும்பென்றே முதலில் கருதினர். அச்சகத்தில் அப்போதுதான் பிரித்த ஆயிரம் பிரதியிலும் அதே கையெழுத்தைக் கண்டபின் அக்கருத்தைக் கைவிட்டனர். ரப்பரால் அழித்தால், மறுநாள் பால்காரர் மணியடிப்பதற்குள் திரும்ப வந்தது.

ஆசிரியை தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவர். அவர் புகழ் நான்கு ஊர்களைத் தாண்டியதில்லை. அந்நான்கு ஊர்களின் ரயில்வே கேட்டும் சவக்கிடங்கும் அவர் கதைகளில் அணுவும் பிசகாமல் நின்றன. தெருவார் அவரைக் ‘கொலைகாரம்மா’ என்று மரியாதையோடு அழைத்தனர். அழிக்கும் பணியை அவரோடு வசித்த நாத்தனார் ஏற்றார். பதினோராம் நாவலை வாசகர்கள் கடையில் நின்றபடியே முதற்பக்கம் பார்த்து, வைத்துவிட்டுப் போயினர். பதிப்பாளர் நேரில் வந்தார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. அடுத்ததுலயும் பென்சில் வந்துச்சுன்னா இதோட முடிச்சுக்குவோம். சமையல் புத்தகம் எழுதிப் பாருங்களேன்?”

“அண்ணி சமையலா? அதுலயும் யாராவது செத்துருவாங்க” என்றார் நாத்தனார்.

ஆசிரியை சிரிக்கவில்லை. “எழுதுனா கொலைதான் எழுதுவேன்” என்று கதவைச் சாத்தினார்.

பன்னிரண்டாம் நாவலில் கொலையாளியைப் பதினான்கு முறை மாற்றினார். மை உலருமுன் கைப்பிரதியின் முதல் தாளில் பென்சிலும் மாறியது. எவரென்றே தீர்மானிக்காமல் எழுதிப் பார்த்தார். ‘அவருக்கே இன்னும் தெரியாது, ஆனால் தம்பிதான்’ என்று வந்தது. யோசித்துப் பார்த்ததில், அதுவே சரி என்று பட்டது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பதிகம் முணுமுணுத்தபடி ரப்பர் தேய்த்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தார். “இந்தப் பதிகத்துல அசுரன் சாகப்போறான்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்? தினம் கேட்டுக்கிட்டுத்தானே உக்காந்திருக்கீங்க?”

ஆசிரியை புதுத்தாள் எடுத்து, மையால், முதல் வரியாக எழுதினார்: ‘தம்பியே கொன்றான்.’ அண்ணனுக்கு ஓராண்டு சோறூட்டிய கை ஏன் அதைச் செய்தது என்பதை முந்நூறு பக்கம், நாளொன்றுக்கு நான்காய், ஒருநாளும் விடாமல் எழுதினார். இறுதிச் சொல்லாகவும் தம்பியே நின்றான். முடிவை முதலாக்குவது அந்தாதிக்குப் புதிதன்று. எழுதி முடிக்கும்வரை பென்சில் ஒரு கோடும் இழுக்கவில்லை.

அச்சகத்தில் கட்டுப் பிரித்தபோது, முதல் வரிக்கு மேலே அதே குண்டெழுத்து இருந்தது. நாத்தனார் ரப்பரை எடுத்தார். பதிப்பாளர் நிபந்தனையை நினைவூட்ட வாய் திறந்தார். ஆசிரியை உரக்க வாசித்தார்: ‘இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறேன். தொந்தரவு செய்யாதீர்கள்.’

பதிப்பாளர் கட்டின்மேல் அமர்ந்து பக்கத்தைப் புரட்டினார். கடையில் நின்று பார்த்தவர்களும் அவ்வாறே செய்து, புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோயினர். பதின்மூன்றாம் நாவல் தொட்டு, அச்சுக்கோப்பவர் முதல் வரிக்கு மேல் இரண்டு விரற்கடை வெற்றிடம் விடுகிறார். கேட்டால், பென்சிலுக்கு என்கிறார்.