ஐந்து எள்ளுருண்டை

சாலிகாவுக்கு முன்னால் நான் பிக்குணி ஆகிவிட வேண்டும். இரண்டு வருடமாக எனக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். ஆசையை விடத்தானே மொட்டை அடித்துக்கொண்டு வந்தாய் என்று நீங்கள் சிரித்தால், தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

சாலிகா என் சக்களத்தி. சாவத்தி நகரத்தின் வடக்கு வாசலருகே செக்கு ஆட்டிய தேவிலனுக்கு நான் மூத்தாள், அவள் இளையாள். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்று அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கும் பிறக்கவில்லை. அப்போதாவது குறை யாரிடம் என்று அந்த மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. ஒன்பது வருடம் அவள் சமைத்ததையே சாப்பிட்டான். அவன் மிச்சம் வைத்த கறியை அவள் எடுத்து மூடி, "அக்கா, உங்களுக்கு வச்சிருக்கேன்" என்று கொண்டுவந்து தருவாள். ஒரு நாள் செக்கடியில் பாம்பு கடித்துச் செத்தான். தலை என் மடியில் இருந்தது. கடைசியாகக் கூப்பிட்டது அவள் பெயரை.

செக்கு கொழுந்தன் கைக்குப் போனது. பிக்குணிகளோடு சேர்ந்துவிடுகிறேன் என்று நான் கிளம்பினேன். பெண்களையும் சங்கத்தில் சேர்க்கப் பெருமான் சம்மதித்துச் சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. அரண்மனையையும் பெண்டாட்டியையும் விட்டுவிட்டு வந்தவர் அவர். நான் ஒரு சக்களத்தியை விட்டு வரத்தான் கிளம்பினேன். தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் கொலுசுச் சத்தம்.

"நில்லுங்க அக்கா. நானும் வரேன்."

"உனக்கு எதுக்குடி இதெல்லாம்? வயசு கிடக்கு."

"நீங்க இல்லாத வீட்டுல நான் மட்டும் என்ன பண்றது?"

பிக்குணிகளில் மூத்தவரான சுபகா தேரி இருவரையும் ஏற்றுக்கொண்டார். முதலில் இரண்டு வருடப் பயிற்சி. ஆறு விரதம். உயிரைக் கொல்லக் கூடாது, கொடுக்காததை எடுக்கக் கூடாது என்று தொடங்கி, உச்சிப்பொழுது தாண்டிச் சாப்பிடக் கூடாது என்பதில் முடியும். ஒன்று உடைந்தாலும் போயிற்று. அன்றிலிருந்து இரண்டு வருடத்தை மறுபடி எண்ண வேண்டும்.

தேரியின் பாடம் சுருக்கமாக இருக்கும். "வாழ்க்கையில வலி இருக்கு. அது எங்கேருந்து வருதுன்னு பாருங்க. எனக்கு வேணும், இது என்னோடது, நான்தான் பெரியவ, இந்தத் தாகத்துலேருந்து வருது. தாகம் அடங்கினா வலியும் அடங்கும். அடக்குறதுக்கு ஒரு வழி இருக்கு, அதுல நடக்கத்தான் வந்திருக்கோம்" என்பார். சாலிகா உடனே ஏதாவது கேட்பாள். தேரி முகம் மலர்ந்து, "நல்லாக் கேட்டே" என்பார். பக்கத்தில் இருப்பவள் குடிப்பதைப் பார்த்து வருகிற தாகத்துக்கு என்ன வழி என்று நானும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெம்பாக இருந்தது. சங்கத்தில் சாதி, வயது, செல்வம் எதுவும் செல்லாது. யார் முன்னால் சேர்ந்தாரோ அவர் மூத்தவர். ஒரு நிமிஷம் முந்தினாலும் மூப்பு மூப்புதான். சங்கம் சம்மதம் சொன்ன அந்தக் கணமே, நேரத்தைக் குறிக்க, வெயிலில் நிறுத்தி நிழலை அடியால் அளந்து வைப்பார்கள். பிந்தியவர் ஆயுள் முழுக்க முந்தியவரை விழுந்து வணங்க வேண்டும், அவருக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். பயிற்சிக்கு என் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். ஆகவே நான் முதல், அவள் அடுத்து. வீட்டில் பெயருக்கு மூத்தாளாக இருந்தவள், இங்கே நிஜமாகவே மூத்தவளாக ஆகப்போகிறேன்.

ஒரே மாதம் மிச்சமிருந்தபோதுதான் அது நடந்தது. தட்டார் வீட்டம்மாள் ஒரு நாள் எங்கள் மடத்துக்கு நேரம் கழித்து வந்தாள். "சாலிகாவுக்குன்னு செஞ்சேன்" என்று இலையில் ஐந்து எள்ளுருண்டை கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குன்னு இந்த ஊரில் ஒருத்தி ஒரு வெல்லத்துண்டு கொடுத்ததில்லை. சாலிகா அன்று சாப்பிட்டு முடித்திருந்தாள். சாயங்காலம் மடத்துத் தோட்டக்காரிக்குக் கொடுக்கலாம் என்று பலகைமேல் வைத்துவிட்டுப் பெருக்கப் போனாள்.

எனக்குப் பசியே இல்லை. எள் வாசனையும் எனக்குப் பிடிக்காது, செக்குக்காரனோடு குப்பை கொட்டியவள் நான். ஆனாலும் நிழல் கிழக்கே சாய்ந்த பிறகு, ஒருவரும் இல்லாத நேரத்தில், ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டு மென்றேன். அவளுக்கு என்று வந்தது அவளுக்கும் இல்லை, அவள் கொடுக்க நினைத்தவளுக்கும் இல்லை. முழுங்கியபின்தான் விரதம் ஞாபகம் வந்தது. திருட்டு ஒன்று, வேளை தவறியது ஒன்று.

சாலிகா வந்தாள், வெறும் இலையைப் பார்த்தாள், மடித்துக் குப்பையில் போட்டாள். தேரி கேட்டபோது, "தீந்துபோச்சு தாயே" என்று மட்டும் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இரண்டு வருடம் பின்னால் போவேன், அவள் முன்னால் போய்விடுவாள். அந்த மாதம் முழுக்க எனக்குத் தொண்டையில் எள் ஒட்டிக்கொண்டே இருந்தது.

சேருவதற்கு முந்தின நாள் காலை அசிரவதி ஆற்றில் இருவரும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எள்ளுருண்டைய நீங்க தின்னத நான் பாத்தேன்."

கையிலிருந்த துணி ஆற்றோடு போகப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன்.

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"அப்ப இப்ப எதுக்குடி சொல்றே?"

"ரெண்டு வருஷமும் விரதம் கெடாம இருந்தியான்னு நாளைக்கு சபையில கேப்பாங்க. அந்த நேரத்துல, இவ பாத்திருப்பாளோ, சொல்லிடுவாளோன்னு நீங்க பயந்துடக் கூடாதுல்ல. தைரியமாப் போங்க. நீங்கதான் முன்னாடி நிக்கணும். எனக்கு நீங்கதான அக்கா."

அவள் முகத்தில் கள்ளம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒரு துளி கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூப்பையும் இவள் போட்ட பிச்சையாக நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா? ஆயுள் முழுக்க இவள் என் காலில் விழுவாள். விழும்போதெல்லாம், இது நான் கொடுத்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுபடியும் அதே மிச்சக் கறி.

ஈரத்துணியோடு நேரே தேரியிடம் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஒரு மாசம் மூடி வச்சத இன்னிக்கு ஏன் சொல்றே?" என்றார்.

"பொறாமையில, தாயே."

"பொறாமையில திருடினவங்களப் பாத்திருக்கேன். பொறாமையில உண்மையச் சொன்னவள இப்பத்தான் பாக்குறேன்."

"இதுக்குப் புண்ணியம் உண்டா?"

"அது எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் மறுபடி உண்டு. அது தெரியும்."

மறுநாள் காலை சாலிகா தனியாகப் போய் நின்றாள். சபை சம்மதம் சொன்னதும் அவளை முற்றத்து வெயிலில் நிறுத்தினார்கள். "நாகிலா, நீ வந்து நிழலை அள" என்றார் தேரி. வேண்டுமென்றேதான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலை ஒட்டிக் குதிகால் என்று அடிமேல் அடி வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது அடி அவள் தலையின் நிழல்மேல் விழுந்தது. கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தேன்.

"அஞ்சு அடி" என்றேன். ஐந்து உருண்டைக்கு ஐந்து அடி. பிறகு முதுகை வளைத்து, அவள் காலடியில் நெற்றி தரையில் பட விழுந்தேன்.

அவள் பதறிப் பின்வாங்கினாள். "அக்கா, வேணாம்."

"இங்க அக்கா கிடையாது. பேரைச் சொல்லு" என்றார் தேரி.

பின்வாங்கிய கால்கள் திரும்பவும் என் நெற்றியருகே வந்து நின்றன.

"நாகிலா," என்றாள் கடைசியில், "எந்திரி."

பதினோரு வருடம் அவள் அக்கா என்று கூப்பிட்டபோதெல்லாம் என் காதில் விழுந்தது மூத்தாள் என்றுதான். அந்தச் சொல் போய்விட்டது. எழுந்து நின்றேன். எரிச்சல் அப்படியே இருந்தது. ஆனால் மூத்தாள் என்று யாரும் இல்லாத இடத்தில் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்றைக்கு அன்னம் தட்டார் வீட்டிலிருந்து வந்தது. பிக்குணிகளின் வரிசையில் சாலிகா கடைசி. அதற்கும் பின்னால் பயிற்சிப் பெண்கள், அதில் நான் கடைசி. எள்ளுருண்டைத் தட்டு கைமாறிக் கைமாறி வந்தது. சாலிகா தன் பங்கை எடுக்காமல் தட்டைத் தள்ளிவிட்டதை நான் பார்த்தேன். என்னிடம் வந்தபோது அதில் ஒன்று இருந்தது.

மிச்சம்தான். வயிறு எரியத்தான் செய்தது. இருந்தாலும் எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தின்ற ஐந்தில் ஒன்றின் ருசிகூட எனக்கு நினைவில்லை. எல்லோரும் பார்க்க, அவள் பார்க்க, அந்த ஒன்றை மெதுவாகத் தின்றேன். இனித்தது. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை.