வெயில் கேட்டுப் போன மாவு

பன் சுடுவது என்ன பெரிய வித்தையா என்று சியாமளா நினைத்தது முதல் தப்பு. கோயம்புத்தூர்க்காரி. புளிக்கிற மாவு எதுவானாலும் கல்லுப்பைப் போட்டுக் கையால் கலக்கி வைத்தால் தானே பொங்கிக்கொள்ளும் என்று கை பழகிக் கிடந்தது. ஈஸ்ட்டைப் பாலில் கரைத்தபோதும் அதே கை அதே தாராளத்தோடு உப்பை அள்ளிப் போட்டு ஈஸ்ட்டையே கொன்றுவிட்டது. போதாக்குறைக்கு, குடிவந்த மராத்தி ஊரான பாணேரின் டிசம்பர்க் குளிர் வேறு.

காலையில் பிசைந்த மாவு பதினோரு மணியாகியும் அம்மிக்கல் மாதிரி கிடந்தது.

"கடைல பாவ் பன்னே வாங்கிட்டு வந்தறட்டுமா?" என்றான் கணவன் சந்துரு. அவள் முறைத்த முறைப்பில் மறுபடி லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

வேறு நாளாக இருந்தால் குப்பைக்குப் போயிருக்கும். இன்று சாயங்காலம் எதிர்வீட்டு லூர்துசாமி சாப்பிட வருகிறார். ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மேரி இறந்தபின் ஒண்டி ஆள். மழைக்காலத்தில் சியாமளா டெங்குவில் விழுந்தபோது சந்துரு வெளிநாட்டில் இருந்தான். கொட்டுகிற மழையில் ரிக்‌ஷா பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது, வராந்தா பெஞ்சில் காவல் கிடந்தது, பிளாஸ்கில் கஞ்சி சுமந்தது எல்லாம் அந்த மனுஷன்தான். பெற்ற அப்பா வந்து சேருகிற வரைக்கும் அவர்தான் அப்பா. பதிலுக்கு எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார். எடுத்துக் கொடுத்த சட்டை திரும்பி வந்தது. ஸ்வீட் டப்பா வாட்ச்மேனிடம் போனது. கடைசியில் அவளுடைய நச்சரிப்பு தாங்காமல்தான், "வீட்லயே சுட்ட பன்னும் குருமாவும் போட்டா வரேன், பேட்டி. கடை பாவ்னா வரமாட்டேன்" என்றிருந்தார். மகளே என்று கூப்பிட அவருக்கு இந்தி 'பேட்டி'தான். கிடைத்தது இந்த ஒரே வாய்ப்பு. அதையும் உப்பைப் போட்டுக் கெடுத்தாயிற்று.

மாவில் துளி எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது. தலையில் அடித்துக்கொண்டாள். மிச்சமிருந்த ஈஸ்ட்டை இந்தமுறை சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான பாலில் கரைத்தாள். நல்லவேளை, நுரைத்தது! இன்னொரு பங்கு மைதாவும் சேர்த்துப் பழைய மாவோடு பிசைந்தாள். ஆனால் மாவு பொங்கச் சூடு வேண்டும்; அவள் வீட்டுக்குள் வெயில் எட்டிப் பார்ப்பதே சாயங்காலம்தான். லூர்துசாமி வீட்டு பால்கனியிலோ நடுப்பகல் வெயில் சும்மா கொட்டிக்கொண்டிருக்கும்.

அவர் வாசலில் பாத்திரத்தோடு நின்றாள். தட்டவா, வேண்டாமா? கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள்.

"க்யா ஹுவா? என்னாச்சு? மறுபடி காய்ச்சலா?" என்று பதறிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"இல்லீங்க அங்கிள். உங்க வெயில் கொஞ்சம் வேணுமுங்க." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தப் பாடே. அதுக்கும் உங்க வாசல்லயே வந்து நிக்கறனுங்க. வெக்கமா இருக்குது."

அவர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். பால்கனி நாற்காலியில் வைத்தார், பீரோவிலிருந்து மேரியின் சால்வையை எடுத்து வந்து சுற்றினார், புறா விரட்ட மடித்த பேப்பரோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்துக்கொருதரம் குரல் வந்தது: "பேட்டி, ஏறுது! ஜல்தி வா, மூடியத் தள்ளுது!"

சாயங்காலம் சியாமளா வீட்டு மேசையில் பன் மலையாகக் குவிந்திருந்தது. லூர்துசாமி ஒன்றைப் பிய்த்துக் குருமாவில் தோய்த்து மெதுவாக மென்றார். சியாமளா அவர் வாயையே பார்த்தாள்.

"உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். சொல்லிவிட்டு நாலாவதும் எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது சியாமளா சொன்னாள். "நீங்க செஞ்சதுக்கு இதெல்லாம் ஈடே இல்லீங்க."

"சும்மா இரும்மா." செருப்பில் காலை நுழைத்தவர் நிமிரவில்லை. "மேரி போனதுலேர்ந்து எங்கதவத் தட்டுறவன் எல்லாம், 'ஏதாச்சும் வேணுமா'ன்னு பாவப்பட்டுத்தான் கேப்பான். எங்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டு வந்தது நீ ஒருத்திதான். தேங்க்ஸ் நான்தான் சொல்லணும்."

சியாமளா மிச்சப் பன்களைப் பொட்டலம் கட்டினாள். அதை அவர் கையில் வைத்தாள். இந்தமுறை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் மாவு பிசையறனுங்க அங்கிள். வெயில் வேணுமுங்க."

"நாற்காலி அங்கயே கெடக்கட்டும்" என்றார் லூர்துசாமி.