ஒரு மனுவுக்கு ஒரு படி

கொத்தனார் வாங்கிய வீடு, அவர்கள் குடிபோன மூன்றாம் நாள் காலை தரையைவிட்டு ஏழு அங்குலம் மேலே நின்றது. முந்தின நாள்தான் அவர்களைக் காலி செய்யச் சொல்லித் தெருச் சங்கம் முதல் மனுவைக் கொடுத்திருந்தது. அந்தத் தெருவின் நாற்பத்திரண்டு வீட்டையும் கட்டியது கொத்தனாரின் ஆட்கள்தான். கட்டலாம், குடியிருக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஊரைவிட்டுப் போகிற அவசரத்தில் வீட்டுக்காரர் ஒருவர், வாங்குகிறவன் யார் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏழு அங்குலம் என்பது ஒரு படியின் உயரம். கொத்தனார் ஒரு படி கட்டினார். இருபது வருஷம் சித்தாளாகச் சட்டி சுமந்த மனைவி கலவை குழைத்தாள். தண்ணீர் கெடுகிறது, வீட்டு விலை இறங்குகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று மனு மேல் மனு போனது. மனுவுக்கு ஒரு படியாக வீடும் சளைக்காமல் ஏறியது. மேலே காற்று நல்லா வருதா என்று தெருவில் கேட்டுச் சிரித்தார்கள்.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை, வாங்கிய இருவரில் ஒருவராவது வீட்டுக்குள் இருக்க வேண்டும், வீடு காலியானால் கிரயம் செல்லாது என்றார் நீதிபதி. கொத்தனார் வேலைக்குப் போனார், மனைவி உள்ளே இருந்தாள். இரண்டு வருஷம் ஆகியும் அவள் கால் மண்ணில் படவில்லை. கடைவாய்ப் பல் வீங்கியபோது கம்பி கட்டுகிற குறடால் அவரே பிடுங்கினார்.

அறுபத்துமூன்றாவது மனு மழை நாளில் போனது. உச்சிப்படிக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார், வீடு எழும்பிய உதறலில் தெருவில் விழுந்து செத்தார். அவருடைய ஆட்கள் உள்ளே வராதபடி தெருக்காரர்கள் தெருமுனை கேட்டைப் பூட்டினார்கள். சங்கத்துச் செயலாளர் கீழே நின்று இதமாகவே கூப்பிட்டார்.

“எறங்கி வாம்மா. புருஷன் மொகத்தப் பாக்க வேணாமா?”

“எறங்கினா வீடு போயிரும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர மேல தூக்கிட்டு வாங்கய்யா. மூட்ட தூக்கியே தேஞ்ச ஒடம்பு, கனக்காது.”

யாரும் தூக்கவில்லை. சாயங்காலம் குப்பை வண்டியில் ஏற்றிப் போனார்கள். வண்டி தெருமுனையில் திரும்பி மறையும்வரை அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

பதினோரு மாதம் கழித்து, வீடு அவளுடையதுதான் என்று தீர்ப்பானது. வீடு இறங்கவில்லை. அவள் இறங்கிப்போய் எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள். யாருக்கும் ஞாபகம் இல்லை. திரும்பி வந்து படியேறினாள்.

அடுத்த வருஷம் அவர்கள் ஆட்களில் ஒரு குழாய்க்காரர் எதிர்வீட்டை வாங்கினார். மூன்றாம் நாள் அதுவும் ஏழு அங்குலம் எழும்பியது. கொத்தனார் மனைவி பூச்சுக் கரண்டியோடு கீழே வந்தாள். வாசலில் திகைத்து நின்ற குழாய்க்காரர் பெண்டாட்டியிடம் மணல் சலிச்சாச்சா என்று மட்டும் கேட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்து முதல் படிக்கு நூல் பிடித்தாள். அந்த வீடு பத்தொன்பது படியோடு நின்றுவிட்டது.