பதினொரு பேரின் மூத்திரம்

மலாவி ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஐம்பது பேரிடம் மூத்திரம் வாங்குவது என் வேலை. சோம்பா கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன் என்பதால் சுகாதாரக் குழு என்னை நம்பி ஒரு பை நிறையக் குப்பிகளைக் கொடுத்திருந்தது.

குலுக்கலில் வந்த ஐம்பது பேரில் இருபத்தைந்து பேருக்கு மூத்திரத்தில் ஏரிப் புழுவின் முட்டை இருந்தால், ஊரையே வரிசையில் நிறுத்தி மாத்திரை கொடுப்பார்கள். குறைந்தால், முட்டை உள்ளவர்களை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

மீன் உலர்த்தும் எனலெசி அக்கா தன் குப்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"அவுக்காத தம்பி. செவப்பா இருக்கும்."

"ஏரித் தண்ணில நிக்கறவங்களுக்கு வர்றதுதானேக்கா."

"அது உனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரு எவன்கிட்ட வாங்கிட்டு வந்தேன்னு கேப்பாரு. நான் எல்லாரோடயும் நின்னு முழுங்கிட்டுப் போயிடறேன். பேரைக் கூப்பிடாம பாத்துக்க."

"பாத்துக்கறேன்" என்றேன்.

முட்டை நண்பகலில்தான் நிறைய இறங்கும் என்பதால் பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வாங்க வேண்டும். இரவெல்லாம் விளக்கு வைத்து உசிபா மீன் பிடிக்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் தூங்குவார்கள். தூங்கும் உசிபாக்காரனை எழுப்ப அவன் மனைவியே துணிவதில்லை. ஒன்றரை மணிக்கு என்னிடம் பதினொரு காலிக் குப்பிகள் இருந்தன. பதினொன்றும் உசிபாக்காரர்களுடையவை.

மாமரத்துக்குப் பின்னால் போனேன். குப்பிக்குப் பத்து மில்லி போதும்.

மறுநாள் சுகாதாரக் குழுவின் நியிரெண்டா சார் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இருபத்தொண்ணு. கூப்பிட்டுத்தான் குடுக்கணும், லிஸ்ட் எழுது. ஆமா, ராத்திரி பூரா தண்ணில கெடக்கற பதினொரு மீன்காரனுக்கு ஒரு முட்டைகூட இல்லையே. என்னத்தைய்யா திங்கறாங்க?"

"உசிபா, சார்."

போன மாதம்தான் கல்லூரியில் நான் இதே புழு மாத்திரையை விழுங்கியிருந்தேன். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லிஸ்டில் மூன்றாவது பெயர் எனலெசி. பேனா அங்கே நின்றுவிட்டது.

"சார், அந்தப் பதினொண்ணும் என்னுது."

"உன்னுதுன்னா?"

"நான்தான் போனேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினொண்ணுமா?"

"ஆமா சார்."

"ஒரே தடவையிலயா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"போய் எழுப்பு" என்றார்.

ஊர்த்தலைவரிடமும் அவரே சொல்லிவிட்டார். நான் பையோடு இறங்குவதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. முதல் வீட்டில் சைதி அண்ணன் பாயில் படுத்தபடியே கண்ணைத் திறந்தார்.

"எனக்கு நீயே போயிட்டியாமே தம்பி. நல்லா இருப்பே. அப்படியே இன்னைக்கு ராத்திரி எனக்குப் பதிலா படகுலயும் போயிடு."

பதினொரு வீட்டிலும் இதே பேச்சுதான், ஆளுக்கொரு விதமாக. குனிந்த தலையோடு வாங்கினேன். ஒன்பது குப்பிகளில் முட்டை இருந்தது. மொத்தம் முப்பது.

அடுத்த வாரம் ஊரே வரிசையில் நின்றது. உயரத்துக்குத் தக்கபடி மாத்திரை என்பதால், அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எனலெசி அக்கா கோலில் முதுகை ஒட்டி நின்றாள். அவள் கணவர் இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தார். அவள் திரும்பாமல் மெதுவாகக் கேட்டாள்:

"என் குப்பில இருந்தது என்னுதுதானே?"

"சத்தியமா உங்களுதுதான்கா."

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை வாங்க நகர்ந்தாள். அடுத்த ஆள் வந்து நின்றபோது அளவை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னேன்.