விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்

மெத்தை செய்கிற கம்பெனியில் வேலை என்றால், "அப்ப நல்லாத் தூங்குவீங்களே" என்று எல்லோரும் சிரிப்பார்கள். தூக்கம் என் பக்கம் எட்டிப் பார்த்தே பல நாளாகிறது. நிர்வாகம், வரவேற்பு, வாசல் விளக்குக்குப் பல்பு வாங்குவது எல்லாம் என் தலையில்தான். இதில் புதிதாகச் சேர்ந்தது இணையத் தொலைபேசி.

பழைய டெலிபோன் பெட்டி மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு கிடந்தது. மழை வந்தால் பாதி மேசைகளில் மணியடிக்காது. "நீயே பாத்து நல்லதா ஒண்ணு முடிச்சிடும்மா" என்றார் முதலாளி. சொல்ல அவருக்கு ஒரு வாய் போதும். கொட்டேஷன்களைப் படிக்க எனக்குப் பத்துக் கண் வேண்டும்.

ஒருவர் காட்டியதில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இன்னொருவர் வாடகையைக் குறைத்துவிட்டு, மற்றதையெல்லாம் 'கூடுதல் வசதி' என்று தனியாகத் தீட்டியிருந்தார். மூன்றாமவர் வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். ஆனால் அவர் போனில் குரல் சுத்தமாக இருந்தது, கம்பெனி எண்ணும் மாறாது, வருகிற அழைப்பெல்லாம் பதிவாகும். யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரு பதிவுக் குரல் வரவேற்று, விற்பனைக்கு ஒன்று, சர்வீசுக்கு இரண்டு என்று வழிகாட்டும்.

அந்தக் குரல்தான் எனக்கு இடித்தது. காரணம், அப்பா.

வீட்டில் அப்பாவும் நானும்தான். பகலெல்லாம் அவர் தனி. பார்வை மங்கி, எதிரே நிற்பது ஆளா கதவா என்று தொட்டுப் பார்க்கிற நிலை. நான் போன் செய்தால் சுவரைத் தடவிக்கொண்டு அவசரமாக வருவார். ஒருமுறை அப்படி வந்து விழுந்தும் இருக்கிறார். அதனால் அவராகக் கூப்பிடுவது என்று ஏற்பாடு. அவர் விரல் பார்க்காமல் போடுவது என் ஆபீஸ் எண் ஒன்றைத்தான். செல் எண்ணைப் பழக்கிப் பார்த்தேன். பாதியில் விரல் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். தினமும் டீ நேரத்தில் கூப்பிட்டு, "சும்மாதாம்மா, எப்ப வருவே?" என்பார். அவருக்கு ஒன்று ஆகிவிட்டாலும் என்னை எட்ட அந்த எண்ணை விட்டால் வேறு வழியில்லை.

"எங்க வீட்டுலேர்ந்து கால் வந்தா, இந்த ரெக்கார்டிங் எல்லாம் இல்லாம நேரா எனக்கு வரணும். முடியுமா?" என்று கோட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இதெல்லாம் ஒரு விஷயமா மேடம்?" என்றவர் அங்கேயே செய்தும் கொடுத்தார். அன்று அப்பா கூப்பிட்டபோது என் மேசையில் நேராக மணியடித்தது. அப்பாடா என்றிருந்தது.

வெளியாளை வைத்துப் பதிவு செய்தால் செலவு என்று, வரவேற்புக் குரலுக்கு முதலாளி என்னையே பேசச் சொன்னார். வீட்டில் ஒருநாளும் வராத குழைவோடு பேசிக் கொடுத்தேன்.

அடுத்த ஒரு வாரம் சோதனை ஓட்டம். அந்த வாரம் முழுக்க டீ நேரத்தில் கூட்டம், அதுவும் போனைப் பற்றித்தான். திரும்பி வந்தால் மேசை போனில் தவறிய அழைப்புகள் மின்னும். கோட்டுக்காரரின் ஆட்கள் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று எண்ணைக்கூடப் பார்க்காமல் விட்டுவிடுவேன். அப்பா கூப்பிடாதது உறைக்கத்தான் செய்தது. ஒரு அழைப்பு குறைந்ததே என்று நிம்மதியாகக்கூட இருந்தது. இரவில், "வேலை ரொம்ப ஜாஸ்தியாம்மா?" என்றார். "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

கையெழுத்துப் போடும் நாள் காலையில் முதலாளி சொன்னார்: "ரெக்கார்ட் ஆன கால் நாலஞ்சு கேட்டுப் பாரு. குரல் தெளிவா இருக்கணும்."

ஹெட்போனை மாட்டினேன். முதலில் ஒருவர் மெத்தை குழி விழுந்ததற்குத் திட்டித் தீர்த்தார். அடுத்தது என் குரல்.

"வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

"அம்மாடி, நாந்தான். என்ன, புதுசாப் பேசுறே?"

"விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்."

அப்பாவின் குரல் சட்டென்று தணிந்தது. "ஓ, முதலாளி பக்கத்துல இருக்காரா? சரி சரி, புரியுது. வச்சிடறேன்."

மறுநாள் பதிவிலும் அதேதான். அதற்கடுத்த நாள், "இன்னைக்கும் இருக்காரா?" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்திருந்தார். குரல் படு தெளிவு. மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கோட்டுக்காரரைப் பிடித்தேன்.

"மேசையில நீங்க எடுக்கலைன்னா கால் திரும்ப வரவேற்புக்குத்தானே போகும் மேடம்? எல்லா எடத்துலயும் அப்படித்தான் வைப்போம்."

மேசையில் நான் எங்கே இருந்தேன்? போன் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

"எடுக்கலைன்னா என் செல்லுக்கு விடுங்க. இல்லைன்னா கையெழுத்து கிடையாது."

மதியத்துக்குள் மாற்றிக் கொடுத்தார்.

மாலையில் முதலாளியின் அறையில் ஒப்பந்தத்தைப் பிரித்து வைத்திருந்தோம். டீ வந்தது. என் செல் அடித்தது. கூட்டத்தில் செல் அடித்தால் முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எடுத்தேன்.

"அப்பா, சொல்லுங்கப்பா."

நான் முழுதாகப் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்.

"அப்பா, நாந்தான்."

"முதலாளி பக்கத்துல இல்லையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கைக்கெட்டும் தூரத்தில், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா. யாருமே இல்ல. நீங்க பேசுங்க."