பக்கத்து பெஞ்சில் விடை கேட்டவள்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்த பெண்ணின் கதை ஒன்று வைத்திருக்கிறேன். தஞ்சாவூர் போகிற ரயிலில் கிடைத்தது. பூதலூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த சஃபியா, நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் தன் மகளைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உப்புக் காரம் மட்டும் என்னுடையது.

1

காவிரித் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த அன்று, ஜஸீலா...

(வேண்டாம். நம் பக்கத்தில் எல்லாக் கதையும் தண்ணீர் வந்த அன்றுதான் தொடங்குகிறது.)

சஃபியாவும் மகள் ஜஸீலாவும் துபாயிலிருந்து படிப்பு வருஷத்தின் நடுவில் ஊர் திரும்பினார்கள். பள்ளியில் இடமில்லை. "இடம் கிடைக்கிற வரைக்கும் நானே சொல்லித் தரேன்" என்றாள் சஃபியா. அந்த 'வரைக்கும்' நாலு வருஷம் நீண்டுவிட்டது. செல்போன் வீடியோ, நூலகப் புத்தகம், பரப்பளவுக்குப் பக்கத்து நாற்றங்கால். பத்தாவதுக்குத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து நேரே பரீட்சை எழுத ஏற்பாடு.

துபாயிலேயே இருந்த ஜஸீலாவின் அப்பா நௌஷாத் போனில் கறாராகச் சொன்னார்: "ஒரு பாடம் போனாலும் பள்ளிக்கூடம்தான். அப்புறம் ரெண்டு பேரும் அழக் கூடாது."

2

இவர்கள் படிக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கணக்கை அம்மாவும் மகளும் தனித்தனியாகப் போடுவார்கள். போட்டதும் விடையை உரக்கச் சொல்வார்கள். ஒத்துவராவிட்டால் சண்டை. தோற்றவர் பாத்திரம் கழுவணும்.

(சஃபியாவை முதலில் கண்டிப்பானவளாக எழுதினேன். அந்தச் சிரிப்பு இடம் கொடுக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

தஞ்சாவூரில் கணக்குப் பரீட்சை. ஜஸீலா முதல் கணக்கைப் போட்டாள். பக்கத்து பெஞ்சில் இருந்த வானதி என்ற பெண்ணைத் திரும்பிப் பார்த்து, ஹாலுக்கே கேட்கும்படி:

"எனக்குப் பன்னெண்டு. உனக்கு?"

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "என்னம்மா, காப்பியா?"

"இல்ல சார். சரிபாக்குறேன்."

"யார்கிட்ட?"

"இவங்ககிட்டதான். எங்கம்மாவை உள்ள விடலையே சார்!"

ஹால் சிரித்தது. அவர் கை விடைத்தாள் மேல். அதைப் பிடுங்கியிருந்தால் இந்த இடத்தில்... (அந்தக் கதையை எழுத எனக்கு மனசில்லை.)

"எந்தப் பள்ளிக்கூடம் நீ?"

"நாலு வருஷமா வீடுதான் சார். இப்படிப் பெரிய பரீட்சை எழுதுறதே இதான் முதல்."

அவர் கையை எடுத்தார். "போ, சுவரோரம் உட்காரு. இனி வாயைத் திறந்தே, தாளை வாங்கிடுவேன்."

துப்பட்டா நுனியை வாயில் கடித்துக்கொண்டே மீதியை எழுதினாளாம்.

4

எல்லாப் பாடமும் பாஸ். வீடியோ காலில் நௌஷாத், "தோத்துட்டேன்மா. இனி வீட்லயே படி" என்றார். அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டார்கள் என்று முடிவு எழுதிப் புள்ளியும் வைத்துவிட்டேன். ஆனால் நடந்தது அதுவல்ல.

"அத்தா, பதினொண்ணு நான் பள்ளிக்கூடத்துல சேரட்டுமா? பரீட்சை முடிஞ்சு வானதியும் நானும் பஸ் வர்ற வரைக்கும் அந்தக் கேள்வித்தாளை வச்சு அப்படிச் சண்டை போட்டோம். அவ பதினொண்ணுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல சேரப்போறாளாம். எனக்கும் அங்க போகணும் போல இருக்கு."

சஃபியா அடுப்பிலிருந்து திரும்பினாள். "ஏன்டி, என்கிட்ட..."

சஃபியா இதுவரைக்கும் சொல்வதற்குள் ரயில் தஞ்சாவூர் வந்துவிட்டது. "மீதியை நீங்களே எழுதிக்குங்கம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதும் சிரித்தபடி இறங்கினாள் சஃபியா.

சஃபியாவின் பதிலாக 'சேர்ந்துக்க' என்று எழுதிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. 'வீட்லயே இரு' என்று எழுதினேன், அதுவும் கேட்கவில்லை. பிள்ளை வளர்த்தவர்களும் பிள்ளையாக வளர்ந்தவர்களும் நீங்கள்தானே, அவள் வாயில் வரவேண்டியதை நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கேட்கத் துணிகிற பிள்ளையும், கேட்டதும் கொஞ்சம் வலித்தாலும் சிரிக்கிற தாயும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும். நல்லா இருங்க.